கடல் மீன்தொட்டி: சீசனுக்கு முதல் எல்லோரும் விடுகிற பிழைகள்

ஏப்ரலும் சுற்றுலாச் சீசனும் நெருங்கினால் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரருக்கு ஒரே யோசனை வரும்: வரவேற்பறையில் ஒரு கடல் மீன்தொட்டி. அதை அமைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழில். சாப்பாட்டை அள்ளிக் கொட்டாதே, வெயில் படுகிற ஜன்னலோரம் வைக்காதே என்பதையெல்லாம் தொட்டி விற்கிறவரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுகிறவை இவை.

புது மீனை நேரே பெரிய தொட்டிக்குள் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும். ஒரு விடுதியில் தொட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கோமாளி மீன்கள், இறால்கள், நத்தைகள், எல்லாம் சுகம். முதலாளி கொழும்பிலிருந்து ஒரு 'பவுடர் புளூ' வாங்கி வந்தார். நம் கடலிலும் இருக்கிற மீன்தான். உடம்பு வெளிர்நீலம், வாலடியில் கூரிய முள். பார்த்தால் விட்டுவிட்டு வர மனம் வராது. வெண்புள்ளி நோய் மிகச் சுலபமாகப் பிடிக்கிற மீன்களில் இதுவும் ஒன்று. பையைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, வெட்டி, பைத்தண்ணீரோடு சேர்த்தே ஊற்றிவிட்டார்.

சில நாளில் செட்டையெல்லாம் உப்புக்கல் தூவினதுபோல் புள்ளி. பிறகு புள்ளி மறைந்தது. "சுகமாயிட்டுது தம்பி" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார். எங்கே சுகம்! அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் சில நாள் தின்று கொழுத்து, தானே கழன்று, மணலிலும் கல்லிலும் ஒட்டிக் கூடு கட்டும். கூட்டுக்குள் பல மடங்காகப் பிரிந்து, நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ கழித்து வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும். இரண்டாம் தடவை கோமாளி மீன்களின் செவுளுக்குள்ளும் புகுந்து, அவை மேலே வந்து மூச்சு வாங்கத் தொடங்கின.

அப்போது யாரோ சொன்னதைக் கேட்டு அந்தத் தொட்டிக்குள்ளேயே செம்பு மருந்தை ஊற்றினார். செம்பு, நீந்தித் திரிகிற கட்டத்து ஒட்டுண்ணியை மட்டும்தான் கொல்லும். இறாலுக்கும் நத்தைக்கும் அது நஞ்சு. நான் போனபோது இறால்கள் மல்லாந்து கிடந்தன. செத்தவை அழுகி அமோனியா ஏற, மிச்ச மீன்களும் போயின. சுண்ணாம்புக் கல் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். தண்ணீரை முழுக்க மாற்றி விட்ட புது இறாலும் செத்தது. கடைசியில் கல்லும் மணலும் குப்பைக்கு.

பெரிய மீன் காட்சியகங்களில் சனம் காணாத பின்பக்கத்தில் புது மீன்களைத் தனியே வைக்கவென்றே தொட்டிகள் இருக்கும். உங்களுக்கு மூடியோடு ஒரு சிறு கண்ணாடித் தொட்டி போதும். மணல், கல் வேண்டாம். ஒளிய பிவிசி குழாய்த் துண்டு, பெரிய தொட்டியில் சில வாரம் ஊறவிட்ட பஞ்சு வடிகட்டி. ஆறு வாரம் வையுங்கள். வலையும் வாளியும் தனி. ஈர வலையிலேயே நோய் போகும். செம்பு தேவையென்றால் இங்கே மட்டும், அதுவும் அளந்து பார்க்கிற கிட் கையில் இருந்தால் மட்டும். பெரிய தொட்டிக்கு நோய் ஏற்கெனவே வந்திருந்தால், மீன்களைச் சிகிச்சைக்கு எடுத்துவிட்டு அதை இரண்டு மாதத்துக்கு மேல் மீனில்லாமல் விடுங்கள். இறாலும் நத்தையும் அங்கேயே இருக்கலாம். "சீசன் வருதே" என்பார்கள். மீனில்லாத தொட்டியைப் பார்த்து யாரும் அறையை ரத்துச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மழைக்காலத்தில் குடாவில் தண்ணீர் அள்ளுவது

மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. வடகீழ்ப் பருவமழையில் மேல்தண்ணீர் நன்னீர் கலந்து, கலங்கிக் கிடக்கும். உப்பளவுக் கருவி ஒப்படர்த்தியை 1.023க்குக் கீழே காட்டினால் அங்கேயே ஊற்றிவிட்டு வாருங்கள். கலிபோர்னியாவின் மொன்டரே விரிகுடா காட்சியகம் பகலில் வடிகட்டிய கடல்நீரும் இரவில் வடிகட்டாத நீரும் பாய்ச்சுகிறது. இரவுத் தண்ணீரோடு வரும் மிதவையுயிர்கள் தொட்டிக்குச் சாப்பாடு. இதைச் சொல்லித் துறைமுகத் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறவர்கள் உண்டு. அங்கே கடலிலிருந்து ஓயாமல் புதுநீர் ஓடுகிறது. உங்களுக்கு எப்போதாவது ஒரு பீப்பா.

வண்ணத்துப்பூச்சி மீன்

பல இனங்கள் உயிருள்ள முருகையைத்தான் தின்னும். தொட்டியில் பட்டினி. வாங்காதீர்கள்.

சதுரத் தொட்டியில் ஜெலிமீன்

மூலையில் சிக்கிக் கிழியும். வேண்டாம்.

புறாத்தீவில் கல் பொறுக்குவது

நிலாவெளிக்கு எதிரே இருக்கிற அந்தத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. "செத்த முருகைக்கல்தானே" என்ற கதை எடுபடாது. அதற்குப் பதிலாகச் சீமெந்தும் மணலும் குழைத்து வார்த்த கல்லைப் பல வாரம் நன்னீரில் ஊறவைத்து, அடிக்கடி தண்ணீர் மாற்றினால் போதும். பாசி படிந்த பிறகு எது கடற்கல் என்று எனக்கே தெரியாது.