டில்லர் டிரெய்லரில் விறகு ஏற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி 28-ல் மேட்டூரை மூடி ஜூன் 12-ல் திறப்பது பழைய வழக்கம். அந்த இடைவெளியில், சம்பா அறுத்து வயலும் படுகையும் காய்ந்த பிறகுதான் எங்கள் பக்கம் விறகு வேலை சூடு பிடிக்கும். கல்யாணச் சமையலுக்கும் செங்கல் காளவாய்க்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வயல் வேலை முடிந்து சும்மா நிற்கிற பவர் டில்லரில், அதாவது கைப்பிடி பிடித்து ஓட்டுகிற இரண்டு சக்கர உழவு வண்டியில், சின்ன டிரெய்லரை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

டயரில் காற்று, கொக்கியில் பின், டேங்கில் டீசல் பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

கண்ணால் எடை போடுவது

ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 36 கன அடி, அதாவது ஏறக்குறைய ஒரு கன மீட்டர். அடுக்கிய விறகில் சந்து போக மரம் என்று இருப்பது அதில் அறுபது சதவீதம் போல இருக்கும். பச்சைச் சீமைக்கருவேல் என்றால் தொட்டி விளிம்போடு நிறுத்தினாலே 600 கிலோவைத் தாண்டும். நாலு மூலையிலும் கழி ஊன்றி இன்னொரு ஒன்றரை அடி ஏற்றினால் ஒன்றேகால் டன். சமதரையில் அதையும் வண்டி இழுத்துவிடும். கரையில் ஏறி இறங்கும்போதுதான் விஷயம் தெரியும்.

பச்சை மரத்தின் எடையில் பாதிக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்ட தென்னைகளைப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் துண்டு போட்டு ஏற்றியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பார்க்க நாலைந்து துண்டுதான் இருக்கும், டயர் நசுங்கி நிற்கும். வெட்டிய இடத்திலேயே பங்குனி, சித்திரை வெயிலில் போட்டு வைத்து அப்புறம் ஏற்றினால் டீசலும் மிச்சம், அச்சும் பிழைக்கும். வாங்குகிறவரும் காய்ந்த விறகுக்குத்தான் நல்ல விலை கொடுப்பார்.

பின்பக்கம் கனம்

ஏற்றுகிற ஆள் பின்னால் நின்று போடுவதால் பெரிய கட்டையெல்லாம் பின்னாலேயே சேர்ந்துவிடும். ஒற்றை அச்சு டிரெய்லரில் அச்சுக்குப் பின்னால் கனம் கூடினால் முன்பக்கம் தூக்கும். டில்லர் சக்கரத்தின் பிடிமானம் போகும். பெரிய கட்டைகள் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், தரையோடு இருக்கட்டும்.

இறக்கத்தில் கைக் கிளச்சைப் பிடிப்பது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். டில்லரில் திருப்புவதற்கு இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொரு கைக் கிளச்சு இருக்கும். சமதரையில் எந்தப் பக்கம் பிடிக்கிறோமோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும். காவிரிப் பாசனப் பகுதி தட்டையான ஊர், இங்கே என்ன மலையா இருக்கிறது என்று ஒரு நினைப்பு. ஆறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குக் கீழே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் சாலை மேலே, வயல் கீழே. பத்தடி நீள இறக்கம் போதும், வண்டி கவிழ்வதற்கு.

போன மாசியில் கோரையாற்றுக் கரையில் ஒரு பையன் சீமைக்கருவேல் லோடோடு இறங்கினான். இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், இடது கைக் கிளச்சைப் பிடித்தான். வண்டி வலப்பக்கம் திரும்பியது. பதறிப்போய் இன்னும் இறுக்கிப் பிடித்தான், இன்னும் வலப்பக்கம் போனது. டிரெய்லர் மடங்கி டில்லரைத் தள்ளிக்கொண்டு சரிந்தது. பையன் குதித்துவிட்டான், அதுவரை நல்லது. கியர் பெட்டியின் கூடு விரிசல் விட்டு, அந்தப் பருவத்து வருமானம் முழுக்கப் போயிற்று.

“அண்ணே, இடது பக்கம்தான் பிடிச்சேன். கிளச்சு வேலை செய்யலண்ணே” என்றான். மெக்கானிக் கிளச்சைப் பிரித்துப் பார்த்து, ஒன்றும் பழுதில்லை என்று சொல்லி அதற்கும் கூலி வாங்கிக்கொண்டார். கூடி நின்றவர்கள் ஓட்டத் தெரியாத பயல் என்றார்கள். எனக்கு இன்னமும் ஆறாத கோபம் அதில்தான். கிளச்சு சரியாகத்தான் வேலை செய்தது. அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

நடப்பது இதுதான். இடது கைக் கிளச்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு இன்ஜின் தொடர்பு அறுந்துவிடும். சமதரையில் வலது சக்கரம் மட்டும் தள்ளும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் லோடு பின்னாலிருந்து தள்ளும்போது இன்ஜின் இழுப்பதில்லை. கியர் வழியாக இரண்டு சக்கரத்தையும் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் இடது கிளச்சைப் பிடித்தால் இடது சக்கரம் விடுபட்டு வேகமாக உருளும். வலது சக்கரம் பிடியில் நிற்கும். வண்டி வலப்பக்கம்தான் போகும், வேறு வழியில்லை.

வண்டி கொடுக்கும்போது விற்பனை நிலையத்து ஆள் காலி டிரெய்லரை மாட்டி, சமமான திடலில் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். இறக்கத்திலேயே காட்டினாலும் காலி டிரெய்லரில் இது சரியாகத் தெரியாது, தள்ளுகிற கனம் இல்லை. லோடு ஏறிய முதல் நாள்தான் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

பெரியவர்கள் சிலர் “இறக்கத்துல மாத்திப் பிடிடா” என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதையும் நம்பி இறங்காதீர்கள். இறக்கமா இல்லையா என்பது மட்டும் கணக்கில்லை. லோடு இன்ஜினைத் தள்ளுகிறதா, இன்ஜின் லோடை இழுக்கிறதா என்பதுதான் கணக்கு. சரிவு முடிகிற இடத்தில், அல்லது நடுவில் ஒரு பள்ளத்தில் சக்கரம் தட்டுகிற இடத்தில் அது ஒரு நொடியில் மாறும். மாற்றிப் பிடித்த கை அங்கே தப்பாகிவிடும். அதனால் இறக்கத்தில் இரண்டு கைக் கிளச்சிலும் விரல் வைக்கவே வேண்டாம்.

எப்படி இறங்குவது? மேலே சமதரையிலேயே நின்று, டில்லரும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள். குறுக்கே சாய்வாக இறங்கினால் டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளி வண்டியை மடக்கும். கீழ் கியரை அங்கேயே போட்டுவிடுங்கள், நடு இறக்கத்தில் கியரைத் தொடக்கூடாது. மெயின் கிளச்சையும் பிடிக்கக்கூடாது. பிடித்தால் இன்ஜின் பிடி விட்டுப்போய் மொத்தக் கனமும் முதுகில் வரும். வேகக் கம்பியைக் குறைத்து, டிரெய்லர் பிரேக்கைக் காலால் லேசாக அழுத்திக்கொண்டே இறங்குங்கள். சின்னத் திருத்தம் வேண்டுமானால் கைப்பிடியையே உடம்பால் அழுத்தித் திருப்புங்கள். பெரிய வளைவு உள்ள இறக்கம் என்றால் அந்த வழி விறகு வண்டிக்கு ஆகாது, சுற்றிப் போங்கள்.

காதையும் பழக்குங்கள். இழுக்கும்போது இன்ஜின் கனமாக அடிக்கும். லோடு தள்ளத் தொடங்கியதும் சத்தம் லேசாகி, புகை குறையும். அந்தச் சத்தம் கேட்டால் விரலை எடுத்துவிட வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அரை லோடு போட்டு, பக்கத்தில் பள்ளமோ தண்ணீரோ இல்லாத சின்ன இறக்கத்தில் அனுபவம் உள்ள ஒருவரோடு இதைப் பார்த்துவிட்டு அப்புறம் கரைக்குப் போங்கள்.

ஏற்றத்தில் வேறு சிக்கல். அங்கே ஒரு கிளச்சைப் பிடித்தால் இழுக்கும் சக்கரம் ஒன்றாகிவிடும், வண்டி நின்று பின்னால் உருளும். கூட வருகிறவர் கையில் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கட்டை இருக்கட்டும். ஆனால் வண்டிக்கு நேர் பின்னால் அவர் வரக்கூடாது, பக்கத்தில் ஒதுங்கி நடக்க வேண்டும்.

ஒரே தடவை கட்டிவிட்டு மறப்பது

விறகு குலுங்கிக் குலுங்கிப் படியும். கிளம்பும்போது விறைப்பாக இருந்த கயிறு அரை கிலோமீட்டரில் தொளதொளத்துவிடும். நிறுத்தி, ஒரு கழியைக் கயிற்றில் விட்டு முறுக்கி, கழியின் முனையைக் கட்டிவிடுங்கள். சவுக்குக் கழி ஏற்றினால் நடுவில் ஒரு கட்டுப் போதாது. வழவழவென்று இருப்பதால் ஏற்றத்தில் பின்னால் உருவிக்கொண்டு போகும். முன்னும் பின்னும் தனித்தனியாகக் கட்டுங்கள்.

வெடித்த வயலை நம்புவது

மேலே பாளம் பாளமாக வெடித்திருந்தாலும் வாய்க்கால் ஓரக் களி உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். ஒரு கம்பியைக் குத்திப் பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள்.

விறகின் மேல் ஆள் உட்காருவது

கூடாது.

ஆற்றங்கரை மரம்

அது அரசாங்கத்துக்குச் சொந்தமான மரம். ஏலம் எடுத்தவரிடம் ரசீதைப் பார்க்காமல் ஒரு கிளையைக் கூட ஏற்றாதீர்கள்.

இருட்டில் ஓட்டுவது

டிரெய்லருக்குப் பின்விளக்கு இல்லையென்றால் வேண்டாம். மிச்சத்தைக் காலையில் ஏற்றலாம்.

முள்ளோடு ஏற்றுவது

சீமைக்கருவேல் முள் டயரையும் குத்தும், காலையும் குத்தும். வெட்டிய இடத்திலேயே முள் கிளைகளைக் கழித்து ஒதுக்கிவிட்டு, வண்டி நிற்கிற இடத்தைக் கூட்டிவிட்டு ஏற்றுங்கள். பஞ்சர் சாமானையும் காற்றுப் பம்பையும் தொட்டிக்குள் போடாமல் சீட்டுக்கு அடியில் வையுங்கள். இல்லாவிட்டால் அதை எடுப்பதற்கே நடுவழியில் லோடு முழுக்க இறக்க வேண்டியிருக்கும்.