மந்த நேரத்தில் கடனைச் சமாளிப்பதும் அறிவிப்பைப் படிப்பதும்

இங்கே மலேசியாவில் பொருளாதாரம் மந்தமாகிறது என்று யாரும் நமக்குக் கடிதம் போட்டுச் சொல்லப் போவதில்லை. முதலில் ஓவர்டைம் போகும். பிறகு பினாங்கில் பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ உள்ள தொழிற்சாலைகளில் மூன்று ஷிப்டு இரண்டாகும், ஏஜென்ட் மூலம் வந்தவர்களை அடுத்த மாதம் வர வேண்டாம் என்பார்கள், லெபோ பசாரில் தீபாவளி முடிந்த பிறகும் துணிக்கடையின் தள்ளுபடிப் பலகை இறங்காமல் தொங்கும். இதெல்லாம் நடந்த பிறகுதான் புள்ளிவிவரம் வரும், அதற்கும் பிறகுதான் ஒரு அமைச்சர் மைக்கைப் பிடித்து நாட்டின் அடித்தளம் வலுவாக இருக்கிறது என்பார். ஆகவே இரண்டு வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும்: நம் கடனைக் கணக்குப் பார்ப்பது, அரசியல்வாதிகள் பேச்சைக் கணக்குப் பார்ப்பது. இரண்டுக்கும் கேள்வி ஒன்றுதான். இதை யார் கட்டுவார்கள், எப்போது?

முதலில் நம் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். நினைவை நம்ப வேண்டாம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸ் என்ற இணையக் கடன் பதிவு இலவசம், கடந்த 12 மாதத்தில் எந்தக் கடனில் எத்தனை மாதம் பாக்கி விழுந்தது என்பதை அது காட்டிவிடும். அதில் வராததும் உண்டு: அடகுச் சீட்டு, கூட்டுப் பணம் (மாதச் சீட்டு), மச்சானிடம் வாங்கியது. அவற்றையும் எழுதுங்கள், மனைவிக்கோ கணவனுக்கோ தெரியாதது இருந்தால் அதையும் சேர்த்து. வேலை போன பிறகு அது வெளியே வருவதைவிட இப்போதே வரட்டும்.

ஒவ்வொரு கடனுக்கும் பக்கத்தில் உண்மையான வட்டியை எழுத வேண்டும், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கார் கடன் 3 சதவீதம் என்று சேல்ஸ்மேன் சொல்லியிருப்பார். பல வருடமாக இங்கே கார் கடனுக்குச் சொல்லிவந்தது பிளாட் வட்டி, அதாவது நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் தொகைக்கே போடப்படும். 50,000 வெள்ளி (ரிங்கிட்), 3 சதவீதம், 9 வருடம் என்றால் வட்டி 13,500, மாதம் சுமார் 588 வெள்ளி. வீட்டுக் கடன் மாதிரி குறையும் பாக்கிக்கு வட்டி என்று கணக்கிட்டால் இது கிட்டத்தட்ட 5.5 சதவீதம் வருகிறது. 4 சதவீத வீட்டுக் கடனை அதிகம் என்றும் 3 சதவீதக் கார் கடனை மலிவு என்றும் நினைத்து வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கிரெடிட் கார்டு அதைவிடக் கொடுமை. ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு 15 சதவீதம், கொஞ்சம் தவறினால் 17, அதற்கும் மேல் தவறினால் 18. குறைந்தபட்சம் என்று பில்லில் போட்டிருப்பது பாக்கியில் 5 சதவீதம் அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. 8,000 வெள்ளி பாக்கியை 18 சதவீத வட்டியில் வைத்துக்கொண்டு அந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டி வந்தால், கார்டில் மேற்கொண்டு ஒரு காசுகூடத் தேய்க்காவிட்டாலும், முடிய ஏறக்குறைய ஏழு வருடம் ஆகும், வட்டி மட்டும் 3,000 வெள்ளியைத் தாண்டும். இன்னொன்று, பாக்கி வைத்திருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த 20 நாள் வட்டியில்லா அவகாசமும் கிடைக்காது. பெட்ரோலுக்குத் தேய்த்தாலும் வட்டிதான்.

இப்போது வரிசை. கையில் வரும் பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால் முதலில் வீடு, அடுத்து வேலைக்குப் போகத் தேவையான வண்டி, மின்சாரம், தண்ணீர். கார்டுக்குக் குறைந்தபட்சம் போதும், அதையும் கட்ட முடியாத மாதம் வருகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். தவறுவதற்கு முன் போகிறவரிடம் வங்கி பேசும் தொனி வேறு, தவறிய பிறகு வசூல் பிரிவு பேசும் தொனி வேறு. வங்கி ஒத்துவரவில்லையா, ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. 2006-ல் பேங்க் நெகாரா ஏற்படுத்தியது, ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை, உங்கள் எல்லா வங்கிக் கடனையும் சேர்த்து ஒரே திட்டமாக்கி வங்கிகளோடு அவர்களே பேசுவார்கள். பதிலுக்கு கார்டுகள் போய்விடும், புதுக் கடன் கிடைக்காது. நல்லதுதான். பேஸ்புக்கில் "கடன் தீர்க்கிறோம், முன்பணம் மட்டும்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போக எந்தக் காரணமும் இல்லை.

கார் விஷயத்தில் சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் வங்கி நோட்டீஸ் அனுப்பலாம், அந்த நோட்டீஸில் 21 நாள் அவகாசம் இருக்க வேண்டும். வண்டியின் மொத்த ரொக்க விலையில் 75 சதவீதத்துக்கு மேல் கட்டிவிட்டீர்கள் என்றால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. வண்டி எடுக்க வருகிறவரிடம் அனுமதி அட்டை கேளுங்கள். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டால் கடன் முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஏலத்தில் போன விலைக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் தலையில்தான்.

அப்புறம் ஜாமீன் கையெழுத்து. நம் ஆட்களிடம் இது பெரிய நோய், கேட்டவர் பெரியப்பா மகன் என்றால் படிக்காமலே போட்டுவிடுவோம். லாபம் எதுவும் இல்லாமல் படிப்புக் கடனுக்கோ சொந்த வீட்டுக்கோ சொந்தக் காருக்கோ ஜாமீன் நின்றவரை 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு திவால் ஆக்க முடியாது, அது வரை சரி. ஆனால் கடனுக்காக வழக்குப் போட முடியும். தம்பி, மன்னித்துக்கொள், இந்த வருடம் முடியாது என்று சொல்லப் பழகுங்கள். ஒருவரைத் திவாலாக்கக் கோரத் தேவையான குறைந்தபட்சக் கடன் இப்போது 1 லட்சம் வெள்ளி, 2017 திருத்தத்துக்கு முன்பு 30,000-ஆக இருந்தது.

அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்றால் நகையை அடகு வைப்பது அவமானம் இல்லை. உரிமம் பெற்ற அடகுக் கடையில் வட்டி மாதம் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஆறு மாதம் தவணை, போனால் நகையோடு போகும், உரிமம் இல்லாத வட்டி முதலை மாதிரி யாரும் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்ற மாட்டார்கள். உரிமம் பெற்ற வட்டிக்காரர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்து 3,000 தருகிறேன், வாரம் 300 கட்டு என்று சொல்கிறவன் வட்டி முதலை, அவ்வளவுதான். கூட்டு நடத்துவதை ஒரு தொழிலாகச் செய்வது 1971-லிருந்தே சட்டப்படி குற்றம், கூட்டுத் தலைவி பணத்தோடு போய்விட்டால் நீங்கள் புகார் செய்யப் போகும் இடத்தில் உங்களைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

வேலை போகப் போகிறது என்ற வாடை அடித்தால் ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள்: ராஜினாமா கடிதம் எழுதித் தரச் சொன்னால் எழுதாதீர்கள். "உன் ரெக்கார்டுக்கு நல்லது" என்று மேனேஜர் அன்பாகப் பேசுவார். நீங்களே விலகினால் சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதி கிடைக்காது, ஆட்குறைப்பு இழப்பீடும் போய்விடும். காப்புறுதி என்றால் வேலை போன 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும், முதல் மாதம் காப்பீட்டுச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டாம் மாதம் 50, பிறகு 40, 30 என்று ஆறு மாதம் வரை வரும். 2018-லிருந்து உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் அது, யாரும் போடும் பிச்சை இல்லை.

சரி, இப்போது அரசியல்வாதிகளைப் படிக்கும் வேலை. இதற்கும் அதே தாள் போதும்.

2020 மார்ச் மாதம் கோவிட் நேரத்து உதவித் திட்டமான பிரிஹாத்தினை அறிவித்தபோது தலைப்பில் வந்த எண் 250 பில்லியன் வெள்ளி. காப்பிக் கடையில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அதில் அரசாங்கம் தன் பையிலிருந்து நேராகப் போட்டது 25 பில்லியன், பத்தில் ஒரு பங்கு. மற்றதில் பெரும்பகுதி என்ன? வங்கிகள் தவணையைத் தள்ளிவைத்தது, அரசு கொடுத்த கடன் உத்தரவாதம், நம்முடைய ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை நாமே எடுத்துக்கொள்ள விட்டது. என் பணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அதை உதவித்தொகை கணக்கில் எழுதுகிறவனைக் குடும்பத்தில் பார்த்தால் என்ன சொல்வோமோ அதை இங்கேயும் சொல்லலாம். அது மோசமான திட்டம் என்று நான் சொல்லவில்லை, அந்த நேரத்தில் பலர் பிழைத்ததே அதனால்தான். சொன்ன விதம்தான் நேர்மையாக இல்லை.

ஆறு மாத ஒத்திவைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது, யாரும் மனு போட வேண்டாம், தானாகவே நடந்தது. இலவசம் என்று நினைத்தவர்கள் ஏராளம். 3 லட்சம் வெள்ளி வீட்டுக் கடன் 4 சதவீதத்தில் என்றால் மாதம் சுமார் 1,000 வெள்ளி வட்டி, ஆறு மாதத்துக்கு 6,000, அது எங்கேயும் போகவில்லை, உங்கள் கடனின் வாலில் ஒட்டிக்கொண்டது. கார் கடனுக்கும் நிலையான வட்டி இஸ்லாமிய கடனுக்கும் என்ன ஆகும் என்று மே மாதம்வரை குழப்பம், பெரிய கூச்சலுக்குப் பிறகுதான் அவற்றுக்குக் கூடுதல் வட்டி இல்லை என்று நிதியமைச்சர் சொன்னார். முதல் நாளே "இது தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்பு, முடிந்தவர்கள் கட்டுங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்கு ஓட்டு விழாது என்பதுதான் பிரச்சினை.

ஈபிஎஃப் கதையும் அப்படித்தான். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்ற மீட்புத் திட்டங்கள், 2022-ல் 10,000 வெள்ளி சிறப்பு மீட்பு, எல்லாம் சேர்த்து வெளியே போனது 145 பில்லியன் வெள்ளி. அந்த 10,000-ஐ 5 சதவீத லாப ஈவில் விட்டிருந்தால் 20 வருடத்தில் 26,500 ஆகியிருக்கும். பசிக்கு எடுத்தவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கதவைத் திறக்கச் சொல்லி மேடை போட்டுக் கத்தியவர்களில் எத்தனை பேர் இந்த 26,500-ஐச் சொன்னார்கள்?

சந்தை தானே எல்லாவற்றையும் சரி செய்துகொள்ளும் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. எனக்குச் சந்தை பிடிக்கும். கடைக்குக் கடை விலை கேட்டு வாங்குகிறவன் நான், வங்கிக்கு வங்கி வட்டி கேட்பதும் கார்டு பாக்கியை மலிவான வங்கிக்கு மாற்றுவதும் அதே புத்திதான், நீங்களும் செய்யுங்கள். ஆனால் சந்தை என்றால் விலை கண்ணுக்குத் தெரிய வேண்டும், பிளாட் வட்டி மாதிரி ஒளித்துவைத்தால் அது சந்தை இல்லை. நஷ்டமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி விழ வேண்டும். 1998-ல் பொருளாதாரம் 7.4 சதவீதம் சுருங்கியபோது வங்கிகளின் வாராக் கடனை வாங்கிக்கொள்ள டானாஹர்த்தா என்ற அரசு நிறுவனத்தை அமைத்தார்கள், வங்கிகள் சாய்ந்தால் எல்லோரும் சாய்வோம் என்ற நியாயம் அதில் இருந்தது. மோட்டார் சைக்கிள் தவணை தவறிய பையனுக்கு மட்டும் அன்று "சந்தை ஒழுக்கம்" பாடம் நடந்தது. உலகத்துக்கே சந்தைப் பாடம் எடுத்த அமெரிக்கா 2025-ல் நம் சரக்குக்கு 19 சதவீத வரி போட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் யாரும் சந்தையைத் தங்களுக்கு என்று வரும்போது நம்புவதில்லை.

வாக்குறுதியைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள். 2008-ல் தேர்தல் மார்ச்சில், பெட்ரோல் 1.92-லிருந்து 2.70-க்கு ஒரே ராத்திரியில் ஏறியது ஜூனில். 2018-ல் மாதம் 4,000 வெள்ளி சம்பளம் வரும்வரை பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனைக் கட்ட வேண்டாம் என்ற வாக்குறுதி, வென்ற பிறகு நிற்கவில்லை. ஜெயிப்போம் என்று நினைக்காததால் பட்டியல் நீண்டுவிட்டது என்ற பொருளில் அன்றைய பிரதமர் மகாதீரே பின்னர் பேசினார். ஓட்டு எண்ணிய பிறகு வந்த நேர்மை, இருந்தாலும் அவ்வளவாவது வந்தது.

உங்கள் தொகுதி எம்பி கோயில் திருவிழாவுக்கு மாலையோடு வரும்போது, படம் எடுத்து முடித்த கையோடு மூன்றே மூன்று கேளுங்கள். நீங்கள் சொன்ன உதவியில் அரசு நேராகக் கொடுக்கும் பணம் எவ்வளவு? மீதி கடனா, தள்ளிவைப்பா, எங்கள் சேமிப்பா? எந்த வருடத்து பட்ஜெட்டில் இதற்கான தொகை இருக்கிறது? "மேலிடத்தில் பேசுகிறேன்" என்றால் விடுங்கள், பட்ஜெட் பெரும்பாலும் அக்டோபரில் தாக்கலாகும். அதற்குப் பிறகு நடக்கும் விவாதத்தின் ஹன்சார்ட் (பேச்சுப் பதிவு) நாடாளுமன்ற இணையத்தளத்தில் மலாயில் கிடைக்கிறது, அதில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் பேசினாரா இல்லையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.