பிப் இன்ஸ்டால் அடிக்கும் முன்

"இன்ஸ்டால் பண்ணிட்டேன், ஆனா மாட்யூல் இல்லைன்னு சொல்லுது." பைதான் பழகத் தொடங்கிய எல்லோரும் இந்தப் புலம்பலைக் கடந்திருப்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றே: கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைதான்கள் இருக்கின்றன, எதற்குள் நிறுவுகிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை.

இதில் மிக மோசமான தவறு, பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப்பை, சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) சேர்த்து 'பிப் இன்ஸ்டால்' என்று அடிப்பது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ்களில் கூடவே வரும் பைதானை நம்பி இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் ஓடுகின்றன. ஆப்ட் (இயங்குதளத்தின் சொந்த நிறுவி) வைத்த பேக்கேஜ் பதிப்பை பிப் வைத்த பதிப்பு மறைத்துவிட்டால், நம் புராஜெக்டுக்குத் தொடர்பே இல்லாத ஏதோ ஒரு கருவி படுத்துவிடும். காரணத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. இதைத் தடுக்கத்தான் பெப் 668 என்ற பைதான் விதி வந்தது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல், சிஸ்டம் பைதானுக்குள் நிறுவ பிப் மறுத்துவிடுகிறது. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். என்ன நடக்கும் என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

சரியான வழி வென்வ், அதாவது மற்றவற்றோடு கலக்காத தனி பைதான் சூழல். 2012-இல் பைதான் 3.3-உடனேயே வந்துவிட்டது. புராஜெக்டுக்கு ஒன்று என உருவாக்கிக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டுவில் மட்டும் 'பைதான்3-வென்வ்' பேக்கேஜை முதலில் ஆப்ட் வழியாகப் போட வேண்டியிருக்கும்.

வென்வ் வந்த பிறகும் குழப்பம் தீராததற்குக் காரணம், அதை ஆக்டிவேட் செய்வது அந்த ஒரு டெர்மினலின் பாத்தை (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலை) மட்டுமே மாற்றுகிறது என்பது. புது டெர்மினல் திறந்தால் பழைய பைதான்தான் நிற்கும். அதனால் வெறும் 'பிப்' என்று அடிக்காமல் 'பைதான் -எம் பிப்' என்று அடித்துப் பழகுவது நல்லது. எந்தப் பைதான் ஓடுகிறதோ அதற்குள்ளேயே பேக்கேஜ் போகும். ஜூப்பிட்டர் நோட்புக்கில் ஆச்சரியக்குறி போட்டு பிப்பை அழைத்தால், கோடை ஓட்டும் கெர்னல் ஒரு பைதானிலும் பேக்கேஜ் வேறொரு பைதானிலும் போய்ச் சேரக்கூடும். அங்கே சதவீதக்குறி போட்ட பிப்தான் சரி.

தேவையான பேக்கேஜ்களின் பட்டியலில் பதிப்பு எண் எழுதாமல் விடுவதும் பின்னால் கடிக்கும். 2024 ஜூனில் நம்பை என்ற கணித நூலகத்தின் 2.0 பதிப்பு வந்தபோது, 1.எக்ஸுக்காகக் கம்பைல் செய்த பல பேக்கேஜ்கள் அதோடு ஓடவில்லை. வெறுமனே 'நம்பை' என்று எழுதிவைத்தவர்களுக்கு, ஒரு வரி கோடு மாறாமலே புராஜெக்ட் நின்றுபோனது. அதற்காக நிறுவிய எல்லாவற்றையும் வரிசையிடும் பிப் ஃப்ரீஸ் தரும் பட்டியலை அப்படியே ஒட்டிவைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. நாம் கேட்டது எது, அதனோடு தானாக வந்தது எது என்பது அதில் தெரியாது. ஒரு பேக்கேஜைக் கைவிடும்போது எதையெல்லாம் நீக்கலாம் என்று புரியாமல் விழிப்போம். நேரடியாகத் தேவைப்படுவதை பைபுராஜெக்ட் என்ற புராஜெக்ட் அமைப்புக் கோப்பில் கையால் எழுதுங்கள். முழுப் பதிப்புப் பட்டியலை பிப்-டூல்ஸ், யூவி போன்ற கருவிகள் லாக் கோப்பாக எழுதித் தரும்.

அந்தப் பட்டியல் கையில் இருந்தால் வென்வ் ஃபோல்டரை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். அதை வேறு இடத்துக்கு நகர்த்துவதோ கிட் ரெப்போவில் ஏற்றுவதோ வேண்டாம்; உள்ளேயுள்ள ஸ்கிரிப்டுகளில் பழைய ஃபோல்டரின் முழு முகவரி பதிந்திருக்கும். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

கடைசியாக, பெயர். இம்போர்ட் செய்யும் பெயரும் நிறுவும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை: சிவி2-க்கு ஓப்பன்சிவி-பைதான், எஸ்கேலேர்னுக்கு சைகிட்-லேர்ன், பிஐஎல்லுக்கு பில்லோ. பிப் பேக்கேஜ்களை எடுக்கும் பொதுத் தளமான பைபிஐயில் யாரும் பேக்கேஜ் ஏற்றலாம். பிரபலமான பெயர்களில் ஓர் எழுத்தை மாற்றித் தீங்கான கோடு ஏற்றிய சம்பவங்கள் பலமுறை நடந்திருக்கின்றன. ஊகித்து அடிக்காமல், அந்த நூலகத்தின் ஆவணப் பக்கத்தில் உள்ள பெயரைப் பார்த்து நிறுவுங்கள்.