கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டோடு மாடு கட்டுகிறீர்களா? பஞ்சாயத்துக்குப் போகும் முன்

முதல் படி: எண்ணிக்கை. கேரளத்தில் 2012ஆம் ஆண்டின் கால்நடைப் பண்ணை லைசென்ஸ் விதிகள்படி, குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் லைசென்ஸ் எடுக்க வேண்டும். இப்போதைய வரம்பைப் பஞ்சாயத்துச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கொழிஞ்சாம்பாறை உள்ள சித்தூர் தாலுகா, தமிழ் பேசுவோர் வாழும் மொழிச் சிறுபான்மைப் பகுதி. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். இந்த உரிமையை விட்டுவிடாதீர்கள்.

வரம்புக்குள் இருந்தாலும் நாற்றம், ஈ என்று புகார் போனால், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 152ஆம் பிரிவில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்ட அதிகாரி) தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவு போட முடியும்.

இரண்டாம் படி: கட்டுத்தரை. ஒரு பசுவுக்குக் கூரைக்குக் கீழ் மூன்றரை சதுர மீட்டர். தரைச் சரிவு மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் கோமியம் தேங்கும், கூடினால் மாடு வழுக்கும். வாய்க்கால் ஆழமில்லாமல், மண்வெட்டி ஓடும் அகலத்தில் இருக்கட்டும்.

மூன்றாம் படியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: சாணிக்குழி. மனுவோடு கொடுக்கும் வரைபடத்தில் சொந்தக் கிணற்றைக் காட்டுவார்கள், பக்கத்து வீட்டுக் கிணற்றை விட்டுவிடுவார்கள். புகார் அங்கிருந்துதான் கிளம்பும். குழியின் விளிம்பிலிருந்து சுற்றியுள்ள எல்லாக் கிணறு, வீடு, ரோடு வரை அளந்து எழுதுங்கள். 30 மீட்டர் ஃபைபர் டேப்பே நல்லது. இரும்பு டேப் மதில் மேல் மடங்கும். அடுத்து, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அது குழிக்குள் இறங்கினால் ஆனி, ஆடி மழையில் குழி நிரம்பி வழிந்து அந்தக் கிணற்றுக்கே போகும். தகரத்துக்குக் கீழே பைப் போட்டுத் தண்ணீரைத் தனியே திருப்புங்கள். குழிக்கு வரப்பும் மூடியும் வேண்டும்.

நான்கு பசு தினமும் சுமார் 50 கிலோ சாணி போடும். இரண்டு கன மீட்டர் கோபர் கேஸ் (சாண எரிவாயு) கலனுக்கு அது சரியான அளவு. சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். இடம் குறுகிய வீட்டுக்குத் திறந்த குழியைவிட இதுதான் மேல்: நாற்றமும் ஈயும் வெகுவாகக் குறையும்.

நான்காம் படி: காகிதம். 12 இலக்கக் காது வில்லை எண், ஆறு மாதத்துக்கொரு முறை போடும் கோமாரித் தடுப்பூசிப் பதிவு, வரைபடம் மூன்றையும் மனுவோடு இணையுங்கள்.

பின்சேர்க்கை: பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்கினால் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று இல்லாமல் வண்டி ஏற்றாதீர்கள். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என எந்த எல்லை வழியாக வந்தாலும் கால்நடைச் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். தமிழ்நாட்டு நகர்ப்புறங்களுக்கு 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கிருப்பவர்கள் இந்தக் கேரள விதியைக் காட்டிப் பேச முடியாது.