மூன்று பக்கங்களுக்கும் ஒரே நிரல்: லாரவெல் கன்ட்ரோலரைச் சுத்தம் செய்வது எப்படி?

பிஹெச்பி மொழியில் இணையதளம் கட்ட உதவும் லாரவெல் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய ஒரு தளத்தில் ஆர்டர் பட்டியல், பில் பட்டியல், புகார் பட்டியல் என்று மூன்று பக்கங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மேலே தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, ஒரு தேடல் பெட்டி. கீழே பக்க எண்கள். முதல் பக்கத்துக்கு எழுதியதை அப்படியே காப்பி எடுத்து மற்ற கன்ட்ரோலர்களிலும் (பக்கத்துக்கு வரும் கோரிக்கையைக் கையாளும் கிளாஸ்கள்) ஒட்டியிருப்பீர்கள். எல்லாம் ஓடும். அப்புறம் ஒருவர் வந்து, "மார்ச் 31 வரை தேடினால் 31ஆம் தேதி ஆர்டர் ஒன்றுமே காட்டவில்லையே" என்பார்.

தேதிப் பெட்டியில் நேரம் கிடையாது. வெறும் தேதியை, நேரமும் சேர்த்துச் சேமித்த ஃபீல்டோடு ஒப்பிட்டால் அது அன்றைய 00:00:00 மணியாகவே கணக்கில் வரும். அன்று காலையில் வந்த ஆர்டர்கூட விட்டுப்போகும். லாரவெலோடு வரும் தேதி லைப்ரரியான கார்பனின் 'எண்ட் ஆஃப் டே' மெத்தடைப் போட்டு முடிவுத் தேதியை 23:59:59 வரை நீட்டினால் சரியாகிவிடும். ஆனால் அந்த ஒரு வரியை மூன்று ஃபைலில் தேடித் திருத்த வேண்டும். இதை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவோம்.

முதல் படி: மூன்று கன்ட்ரோலர்களிலும் பட்டியலைக் காட்டும் இன்டெக்ஸ் மெத்தடை பக்கத்தில் பக்கத்தில் திறந்துவையுங்கள். எது அச்சாக ஒன்று, எது மாறுகிறது என்று பாருங்கள். தேதி வடிகட்டல் எல்லாவற்றிலும் ஒன்றுதான். எந்த மாடல் (டேட்டாபேஸ் அட்டவணைக்கான கிளாஸ்), எந்த ஃபீல்டில் தேடுவது, எந்த வியூ (பக்கத்தின் டெம்ப்ளேட்) என்பவை மாறும். மாறுபவை கன்ட்ரோலரிலேயே இருக்கட்டும்.

இரண்டாம் படி: பொதுவான வரிகளை ஆர்டர் கன்ட்ரோலருக்குள்ளேயே ஒரு தனி பிரைவேட் மெத்தடாகப் பிரித்தெடுங்கள். பக்கத்தை ஓட்டிப் பாருங்கள். இது ஓடாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

மூன்றாம் படியில்தான் உண்மையான வேலை. ஆப் ஃபோல்டருக்குள் சர்வீசஸ் என்றொரு ஃபோல்டர் போட்டு, அதில் 'பட்டியல் வடிகட்டி' என்கிற மாதிரி ஒரு கிளாஸ் எழுதி, அந்த மெத்தடை அங்கே மாற்றுங்கள். கிளாஸின் முகவரி போன்ற நேம்ஸ்பேஸ், ஃபோல்டர் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் 'கிளாஸைக் காணவில்லை' என்று லாரவெல் சண்டைக்கு வரும். மெத்தடுக்கு, பிரௌசரிலிருந்து வரும் ரெக்வெஸ்ட்டை முழுசாகக் கொடுக்காதீர்கள். குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), இரண்டு தேதிகள், தேடல் சொல், தேட வேண்டிய ஃபீல்டுகள், இவை மட்டும் போதும். அப்படி எழுதினால் நாளைக்கு இரவில் தானாக ஓடும் ரிப்போர்ட்டிலிருந்தும் அதையே கூப்பிடலாம். அங்கே பிரௌசரும் இல்லை, படிவமும் இல்லை.

இந்த இடத்தில் கவனம் வேண்டும். இரண்டு ஃபீல்டில் தேட 'ஆர் வேர்' ('அல்லது' நிபந்தனை) போடும்போது, தேடல் நிபந்தனைகளை ஒரு குளோஷருக்குள் (பெயரில்லாத ஃபங்ஷன்) அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'அல்லது' வெளியே கசிந்து தேதி நிபந்தனையைத் தாண்டிவிடும். உள்நுழைந்தவரின் பதிவுகள் மட்டும் என்று நீங்கள் முன்னால் போட்ட நிபந்தனையையும் அது தாண்டும். அடுத்தவர் பில் இவருக்குத் தெரியும்.

நான்காம் படி எளிது. கன்ட்ரோலரின் கன்ஸ்ட்ரக்டரில் அந்த கிளாஸை டைப்போடு குறிப்பிட்டால் போதும், கிளாஸ்களை உருவாக்கித் தரும் லாரவெலின் பகுதியான சர்வீஸ் கன்டெய்னர் தானே உருவாக்கிக் கொடுக்கும். வடிகட்டிய குவெரியைக் கன்ட்ரோலரில் பேஜினேட் செய்யுங்கள், அதாவது பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுங்கள். எண் சொல்லாவிட்டால் பக்கத்துக்கு 15 பதிவுகள் வரும். கூடவே 'வித் குவெரி ஸ்ட்ரிங்' சேர்க்காவிட்டால் இரண்டாம் பக்கம் போனதும் தேதிகள் காணாமல் போகும்.

ஆர்டர் பக்கம் சரியாக ஓடினால் அடுத்ததை மாற்றுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது உடைந்தது என்று தெரியாது.

"எல்லா கன்ட்ரோலருக்கும் தாயான பேஸ் கன்ட்ரோலரிலேயே போட்டால் என்ன?" என்று கேட்கலாம். போடலாம், ஆனால் அது சீக்கிரமே வேண்டாததெல்லாம் குவியும் பரணாகிவிடும். லாரவெல் 11-இல் அந்த கிளாஸ் கிட்டத்தட்ட காலியாகத்தான் வருகிறது. பிஹெச்பி 5.4-இல் வந்த ட்ரெய்ட்டும் (பல கிளாஸ்களில் சேர்த்துக்கொள்ளும் மெத்தட் தொகுப்பு) ஒரு வழிதான். அதில் எந்த மெத்தட் எங்கிருந்து வந்தது என்று தேடுவதே தொல்லை என்பதால் நான் கிளாஸையே விரும்புவேன். வேறு வகைப் பொது வேலைகளுக்கு வேறு இடம் உண்டு: உள்நுழைவுச் சோதனை என்றால் கன்ட்ரோலருக்கு முன்னாலேயே ஓடும் மிடில்வேர், எல்லாப் பக்கத்து மெனுவிலும் காட்டும் எண்ணிக்கை என்றால் வியூவுக்குத் தகவல் சேர்க்கும் வியூ கம்போஸர். ஒரு கன்ட்ரோலரிலிருந்து இன்னொன்றின் மெத்தடைக் கூப்பிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

புகார் பக்கத்துக்கு மட்டும் வேறு விதி வந்து, வடிகட்டிக்குள் 'இது புகார்தானா' என்று ட்ரூ, ஃபால்ஸ் அனுப்ப ஆரம்பித்தால், அந்தப் பக்கத்தைத் திரும்பத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பத்து வரி இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.