வாசல் விளக்கு தானாகவும் எரிய வேண்டும், சுவிட்சும் வேண்டும்: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேட்டில் ஒரு விளக்கு, போர்டிகோவில் ஒன்று, பக்கவாட்டுச் சந்தில் ஒன்று, மொட்டை மாடிப் படியில் ஒன்று. இருட்டினால் இவை தானாக எரிய வேண்டும், விடிந்தால் அணைய வேண்டும். நடுராத்திரியில் ஏதாவது சத்தம் கேட்டால் படுக்கையறையிலிருந்தே எல்லாவற்றையும் போட வேண்டும். வாசலில் ஒரு சுவிட்ச், ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று. வீடு கட்டுகிறவர்கள் எலக்ட்ரீஷியனிடம் சொல்வது ஏறக்குறைய இதுதான். நியாயமான ஆசை, செலவும் பெரிதில்லை.

ஆனால் குடிபோன சில மாதங்களில் பல வீடுகளில் இருட்டையோ ஆள் நடமாட்டத்தையோ உணர்ந்து விளக்கைப் போடும் சென்சார் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், விளக்கைப் பழையபடி கையால்தான் போட்டு அணைப்பார்கள். இல்லாவிட்டால் பட்டப்பகலில் கேட் லைட் எரியும். பழி சென்சார் மேல் விழும். பெரும்பாலும் அதில் கோளாறு இருக்காது. ஒரே விளக்குக்குச் சென்சாரும் கட்டளை கொடுக்கிறது, சுவிட்சும் கொடுக்கிறது. இரண்டும் முரண்பட்டால் யார் சொல்வது நடக்க வேண்டும் என்று முடிவு செய்யாமலே வயர் இழுத்துவிடுகிறார்கள். கீழே வரும் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

சுவிட்சுக்குப் பின்னால் சென்சார்

மிகப் பரவலான தவறு இது. ஏற்கெனவே சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயரை நடுவில் வெட்டி, அங்கே சென்சாரைச் சேர்த்துவிடுவது. வேலை சீக்கிரம் முடியும். அன்று சாயங்காலம் விளக்கும் அழகாக எரியும். இரவு பத்து மணிக்குப் படுக்கப் போகும் பெரியவர் பழக்கத்தில் சுவிட்சை அணைத்துவிடுவார். மறுநாள் இருட்டியும் விளக்கு வராது, ஏனென்றால் சென்சாருக்கே கரண்ட் இல்லை. இரண்டு நாள் இப்படி நடந்தால் வீட்டில் யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

ஆள் நடமாட்டத்தைப் பார்த்து எரியும் மோஷன் சென்சாரில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் அது நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். பல மாடல்களில் அந்த நேரம் முழுக்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்ப்பவர் “இது என்ன, சும்மாவே எரிகிறதே” என்று கழற்றிவிடுவார்.

சென்சாருக்கு ஃபேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (கரண்ட் திரும்பும் வயர்) எப்போதும் இருக்க வேண்டும். சுவிட்ச் வர வேண்டிய இடம் சென்சாருக்கு அப்புறம். இதற்கு எளிய வழி ஒரே ஒரு டூவே சுவிட்ச். நடு முனையைப் பக்கத்து முனைகள் இரண்டில் ஏதாவது ஒன்றோடு சேர்க்கும் சுவிட்ச் அது. அதன் நடு முனை விளக்குக்குப் போகட்டும். ஒரு பக்கத்து முனைக்குச் சென்சாரிலிருந்து வரும் வயர், மறுபக்கத்து முனைக்கு நேரடி ஃபேஸ். மேலே தள்ளினால் ஆட்டோ, கீழே தள்ளினால் நேரடியாக எரியும். எந்த நிலையில் வைத்தாலும் சென்சாருக்குக் கரண்ட் நிற்காது. விளக்கை முழுவதும் அணைத்துவைக்க இன்னொரு சாதாரண சுவிட்ச் வேண்டுமானால் நடு முனைக்கும் விளக்குக்கும் இடையில் போடலாம். அதை வாசல் போர்டில் வைக்காதீர்கள். போகிற வருகிற கை படாத இடத்தில், வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துவிடும் டிபி பெட்டி பக்கத்தில் இருந்தால் போதும்.

எல்லா இடத்திலும் சுவிட்ச் வேண்டும் என்பது

மாடிப்படிக்கு டூவே போடுவது நமக்குப் பழக்கம். மூன்று இடத்திலிருந்து போட்டு அணைக்க வேண்டுமானால் நடுவில் ஒரு இன்டர்மீடியட் சுவிட்ச் சேர்ப்போம். அதே முறையைச் சென்சாருக்குப் பக்கவாட்டில், இணையாகச் சேர்த்து, வெளிவிளக்குக்கும் நீட்டலாம். வேலை செய்யும்.

சிக்கல் என்னவென்றால், டூவே இணைப்பில் சுவிட்ச் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை வைத்து விளக்கு எரிகிறதா என்று சொல்ல முடியாது. மாடிப்படியில் விளக்கு கண்ணெதிரே இருப்பதால் கவலையில்லை. படுக்கையறையில் நின்றுகொண்டு கேட் லைட்டைப் பார்க்க முடியாதே. இரவில் ஏற்கெனவே சென்சார் தயவில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது யாரோ ஒரு சுவிட்சைத் தட்டுவார். விளக்கில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் நேரடிப் பாதை திறந்துவிட்டது. மறுநாள் பகல் முழுக்க விளக்கு எரியும்.

அதனால் சென்சார் இருக்கும் விளக்குக்குக் கை சுவிட்ச் ஓரிடத்தில், மிஞ்சினால் இரண்டு இடத்தில் போதும் என்பதே என் கருத்து. படுக்கை அருகே ஒன்று கட்டாயம் வேண்டும், அது பாதுகாப்பு. மாடிப்படி விளக்கை ஆட்டோமேட்டிக்கிலேயே சேர்க்காமல் பழைய டூவேயாக விட்டுவிடலாம். அதற்கு மேலும் பல இடங்களில் வேண்டும் என்பவர்கள் காலிங் பெல் பட்டன் மாதிரியான புஷ் சுவிட்சுகளை எல்லாம் இணையாகச் சேர்த்து ஒரு இம்பல்ஸ் ரிலேவுக்கு (ஒருமுறை அழுத்தினால் போட்டு, மறுமுறை அழுத்தினால் அணைக்கும் மின் சுவிட்ச்) கொண்டுவரலாம். எத்தனை பட்டன் சேர்த்தாலும் பட்டன்களுக்கு இடையே இரண்டு வயர்தான் ஓடும்.

சுவிட்சில் இருக்கும் சின்னச் சிவப்பு இண்டிகேட்டரையும் இங்கே கவனிக்க வேண்டும். அணைத்த பிறகும் எல்இடி விளக்கு மங்கலாக மினுக்கினால், அந்த இண்டிகேட்டர் வழியாகக் கசியும் துளி மின்சாரம் காரணமாக இருக்கலாம். நீளமான டூவே வயர்கள் ஒரே பைப்பில் சேர்ந்து ஓடினாலும் அப்படி ஆகும். நியூட்ரலில் சுவிட்ச் வைத்திருந்தாலும் ஆகும். கடைசியாகச் சொன்னது ஆபத்தானது, ஏனென்றால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். முதலில் அதைச் சோதித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

வயர் நிறத்தை நம்புவது

சாயங்காலம் எரிந்து காலையில் அணையும் போட்டோசெல் சென்சாரில் மூன்று வயர் இருக்கும். பலவற்றில் கறுப்பு வயர் ஃபேஸ், சிவப்பு வயர் விளக்குக்குப் போவது, மூன்றாவதான வெள்ளையோ பச்சையோ நியூட்ரல். நம் வீட்டு வயரிங்கிலோ கறுப்பு என்றால் நியூட்ரல், பச்சை என்றால் எர்த். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அட்டைப்பெட்டியிலோ சென்சாரின் மேலேயோ அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும்.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. போர்டிகோ ஒரு ஃபேஸில், மாடி இன்னொரு ஃபேஸில் இருக்கும். சென்சாருக்குப் போர்டிகோ ஃபேஸ், படுக்கையறை சுவிட்சுக்கு மாடி ஃபேஸ் என்று பக்கத்தில் கிடைத்ததை எடுத்து இரண்டையும் ஒரே விளக்கில் இணையாகச் சேர்த்தால், இரண்டும் ஒன்றாக ஆன் ஆகும் கணத்தில் இரு ஃபேஸுக்கு இடையே நேரடி ஷார்ட். வழக்கமான 230 வோல்ட் அல்ல, சுமார் 400 வோல்ட். இன்வெர்ட்டர் லைனையும் ஈபி லைனையும் இப்படிக் கலப்பதும் அதே ரகம்தான். ஒரு விளக்குக்குப் போகும் சென்சார், சுவிட்ச், நியூட்ரல் எல்லாம் டிபியில் இருக்கும் ஒரே எம்சிபியிலிருந்து (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) கிளம்ப வேண்டும்.

நியூட்ரலைப் பக்கத்து அறையிலிருந்து கடன் வாங்குவதும் இதில் சேர்த்தி. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்றுதான் ஆர்சிசிபி என்ற கசிவுப் பாதுகாப்புக் கருவி பார்க்கிறது. அந்த ஆர்சிசிபி வழியாகப் போகாத வேறு சர்க்யூட்டின் நியூட்ரலில் திரும்பினால் அது கசிவு என்று நினைத்து ட்ரிப் ஆகிவிடும்.

சென்சார் தன் விளக்கையே பார்ப்பது

போட்டோசெல்லை விளக்குக்குக் கீழேயோ எதிர்ச்சுவரிலோ மாட்டினால், இருட்டியதும் விளக்கு எரியும், அந்த வெளிச்சம் சென்சாரில் பட்டு விடிந்துவிட்டதாக நினைத்து அணைக்கும், மறுபடி இருட்டு, மறுபடி எரியும். இரவு முழுக்க இதே கதை. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனிச் சென்சார் போட்ட வீடுகளில் கேட் லைட் போர்டிகோ சென்சாரை ஏமாற்றும். தெருவில் புதிதாக வெள்ளை எல்இடி கம்பம் வந்தால் மதில் விளக்கு எரியவே எரியாது.

ஒரே ஒரு போட்டோசெல் போதும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கத்தில், வடக்குப் பார்த்து, எந்த விளக்கும் படாத இடத்தில் வையுங்கள். நேர் வெயிலும் அதிகம் படாது, மேகமூட்டத்துக்குத் தடுமாறவும் செய்யாது. பெட்டியில் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பது எல்இடிக்குப் பொருந்துமா என்று பாருங்கள். எல்இடி விளக்குக்குக் கரண்டை மாற்றித் தரும் டிரைவர்கள் ஆன் ஆகும் நொடியில் இழுக்கும் கரண்ட் அதிகம். பத்துப் பதினைந்து விளக்கு ஒன்றாகச் சேர்ந்தால் சென்சாருக்குள் இருக்கும் ரிலே முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் விளக்கு அணையவே அணையாது. அத்தனை விளக்கு இருந்தால் சென்சார் ஒரு கான்டாக்டரை (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) இயக்கட்டும், கான்டாக்டர் விளக்குகளை இயக்கட்டும்.

சென்சாருக்குப் பதில் டைமர் போடுகிறவர்கள் ஆறரை மணி என்று வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். சென்னையில் நவம்பரில் 5:40 வாக்கில் சூரியன் மறையும், ஜூலையில் 6:40 வாக்கில். முழுதாக ஒரு மணி நேர வித்தியாசம். பேட்டரி இல்லாத டைமர் ஒவ்வொரு பவர்கட்டுக்கும் பின்தங்கிக்கொண்டே போகும்.

மோஷன் சென்சார் மாட்டும் இடம்

இது உடல் சூடு நகர்வதைப் பார்க்கும் கருவி. குறுக்கே நடந்தால் உடனே பிடிக்கும், நேராக அதை நோக்கி வந்தால் தாமதமாகத்தான் பிடிக்கும். கேட்டுக்கு நேர் எதிரே போர்டிகோ நடுவில் மாட்டுகிறோமே, வருகிறவர் படி ஏறிய பிறகு விளக்கு எரிவது அதனால்தான். பக்கச் சுவரில், இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில், நடைபாதையைக் குறுக்காகப் பார்க்கும்படி வையுங்கள். மே மாதச் சாயங்காலத்தில் மேற்குச் சுவரும் காற்றும் கிட்டத்தட்ட உடம்புச் சூட்டிலேயே இருக்கும்போது அதன் கூர்மை குறையும். அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஏசி அவுட்டோர் யூனிட்டின் அனல் காற்றும், ஆடும் வாழை இலையும் அதை வீணாகத் தட்டி எழுப்பும்.

அதன் அடியில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். ஒன்று நேரம், மற்றது வெளிச்ச அளவு. பகலில் மாட்டும்போது சோதித்துப் பார்க்க வெளிச்சத் திருகைச் சூரியன் படத்தின் பக்கம் திருப்புவார்கள். திரும்ப நிலா பக்கம் கொண்டுவர மறந்துவிட்டால் பகலிலும் எரியும்.

ஸ்மார்ட் சுவிட்ச் போடும்போது

ஸ்மார்ட் பல்பை வாங்கிச் சாதாரண சுவிட்சில் மாட்டுவது முதலில் சொன்ன தவறின் புது வடிவம். சுவரில் யாராவது அணைத்தால் செல்போனில் ஒன்றும் நடக்காது. சுவிட்ச் பெட்டிக்குள் வைக்கும் ஸ்மார்ட் மாட்யூல்தான் நல்லது. அதில் பழைய டூவே சுவிட்சையும் சேர்க்கலாம், வைஃபை போனாலும் கையால் போட முடியும்.

ஆனால் மாட்யூலுக்கு நியூட்ரல் வேண்டும். ஹால் போர்டில் பிளக் பாயின்ட் இருப்பதால் நியூட்ரலும் இருக்கும். மாடிப்படித் திருப்பத்தில் தனியாக நிற்கும் டூவே பெட்டியில் இருக்காது. அங்கே எர்த் வயரை நியூட்ரலாகப் பயன்படுத்திச் சிலர் வேலையை முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். எர்த் இணைப்பு எங்காவது விட்டுப்போனால், வீட்டில் எர்த் செய்த ஒவ்வொரு இரும்புப் பொருளிலும் கரண்ட் ஏறி நிற்கும். மாட்யூலை விளக்குப் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸில் வைத்தால் நியூட்ரல் அங்கேயே கிடைக்கும்.

மழை

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வெளிவிளக்கு வயரிங்கின் லட்சணம் தெரிந்துவிடும். தூசியும் தண்ணீரும் புகாது என்று சொல்லும் ஐபி65 என்ற எண் போட்ட விளக்கை வாங்கி, பின்னால் பெரிய ஓட்டை போட்டு வயரை நுழைத்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வயர் அடியிலிருந்து, வயரை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் கிளாண்ட் வழியாக நுழைய வேண்டும். நுழையும் முன் ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். டேப் சுற்றிய இணைப்பை மதில் பைப்புக்குள் விடவே கூடாது. அந்தப் பைப்பில் தண்ணீர் நிற்கும்.

மழையில் ஆர்சிசிபி ட்ரிப் ஆனால் ஃபிரிட்ஜ் முதல் எல்லாம் நின்றுவிடுகிறது என்று அதையே பைபாஸ் செய்யச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. ஈரக் காலோடு ஒரு குழந்தை இரும்புக் கேட்டைப் பிடிக்கும் வீட்டில், உயிரைக் காப்பாற்றக் கடைசியாக மிச்சமிருப்பது அந்த ஒரு கருவிதான். வெளிவிளக்குகளுக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். கேட் லைட்டில் தண்ணீர் புகுந்தால் அது மட்டும் விழும், வீட்டுக்குள் கரண்ட் இருக்கும். விளக்குக் கம்பமும் இரும்புக் கேட்டும் எர்த் செய்யப்பட்டிருக்கட்டும். மாதம் ஒரு முறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள்.

மழைக்கு மறுநாள் ஈசல் படையெடுக்கும், அதன் பின்னாலேயே பல்லி வரும். மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 அல்லது 3000 கெல்வின் விளக்குக்கு வெள்ளை விளக்கைவிடப் பூச்சி குறைவாக வரும். சென்சார் மூடியின் இடுக்குகளையும் அடைத்துவிடுங்கள்.

எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன்

பகலிலேயே போட்டோசெல் மேல் கறுப்புத் துணி போட்டு மூடி ஒரு நிமிடம் காத்திருங்கள். விளக்குகள் எரிய வேண்டும். எரியும்போதே ஒவ்வொரு சுவிட்சையும் தட்டி, எது எந்த விளக்கை என்ன செய்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். துணியை எடுத்துவிட்டு மறுபடி ஒரு சுற்று. அப்புறம் மெயினை அணைத்துப் போட்டு, கரண்ட் திரும்பும்போது ஒவ்வொன்றும் எந்த நிலைக்கு வருகிறது என்று பாருங்கள். எழுதிய தாளை டிபி கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். சுவர் பூசுவதற்கு முன் பைப் ஓடும் வழியைப் போட்டோ எடுத்திருந்தால் அதன் பிரதி ஒன்றையும் கூடவே வையுங்கள். பின்னாளில் வேறொருவர் வந்து டிரில்லிங் மெஷினை எடுக்கும்போது அது தேவைப்படும்.