5 வோல்ட் கேட்டால் 2.7 வருகிறதா? டாக் பெட்டியைக் கழற்றும் முன் செய்ய வேண்டியவை

ஆனி மாதக் காற்று பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளை விரட்டிக்கொண்டிருந்த சமயம். பாளையங்கோட்டையில் பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவன் போன் பண்ணினான். சின்னக் காற்றாலை மாடல் செய்கிறான். காற்று வேகம் கூடினால் ஒரு ரிலே, அதாவது மின்சாரம் கொடுத்தால் தானே மாறுகிற சுவிட்ச், விழுந்து பிரேக் பிடிக்க வேண்டும். அந்த ரிலேக்கு வோல்டேஜ் கொடுப்பது யுஎஸ்பி-யில் மாட்டுகிற டாக் பெட்டி. அதாவது சென்சார் அளவுகளைக் கணினிக்குள் வாங்கி, தேவையான வோல்டேஜை வெளியே விடுகிற கருவி.

"அண்ணாச்சி, பெட்டி போயிட்டு. அஞ்சு வோல்ட் போட்டா ரெண்டே முக்கால்தான் வருது. லேப் சார்ட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"ஏல, முதல்ல அந்த ரிலேயக் கழத்து" என்றேன்.

ரிலே அங்கே இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று திகைத்துவிட்டான். ஜோசியம் ஒன்றுமில்லை. இந்த மாதிரிப் புகார்களில் பெட்டியே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். கீழே உள்ள வரிசையில் பார்த்தால் உங்களுக்கும் பிடிபட்டுவிடும்.

படி 1: மீட்டரைச் சந்தேகப்படுங்கள்

மல்டிமீட்டரை டிசி வோல்ட், 20 ரேஞ்சில் வையுங்கள். புதுப் பென்சில் பேட்டரி ஒன்றை அளந்து பாருங்கள். 1.5-இல் இருந்து 1.6-க்குள் காட்ட வேண்டும். மீட்டருக்குள் இருக்கிற பேட்டரி இறங்கிப்போனால் அளவு கூடுதலாகக் காட்டும், அதையும் நம்ப வேண்டாம்.

படி 2: எல்லாவற்றையும் கழற்றி, வெறும் பெட்டியை அளங்கள்

அவுட்புட் டெர்மினலில் இருக்கிற ஒயர் எல்லாம் வெளியே. சிவப்பு முனை அனலாக் அவுட்புட்டில், கறுப்பு முனை அதற்குப் பக்கத்துக் கிரவுண்டில். லேப்டாப் பாடியில் கறுப்பை வைத்து அளந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மென்பொருளில் 0, 1, 2.5, 5 என்று வரிசையாகக் கொடுத்து, மீட்டர் காட்டுவதை ஒரு நோட்டில் எழுதுங்கள். நான்கும் சரியாக இருந்தால் பெட்டிமேல் குற்றமில்லை, படி 4-க்குப் போங்கள். எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்தால் மென்பொருளில் ஸ்கேலிங், அதாவது கொடுத்த எண்ணை ஏதாவதொன்றால் பெருக்கி மாற்றும் அமைப்பு, எதுவும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1-உம் 2.5-உம் சரியாக வந்து, 5 மட்டும் 4.7-இல் முட்டி நின்றால் யுஎஸ்பி மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். ஹப்பையும் நீளக் கேபிளையும் தூக்கிவிட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள். எதைக் கொடுத்தாலும் அசையவே இல்லையென்றால், முக்கால்வாசி நேரம் தப்புச் சேனலுக்கு எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

4.998 வருகிறதே என்று கவலைப்படாதீர்கள். 12 பிட் கருவி 5 வோல்ட்டை 4096 படிகளாகத்தான் வெட்டும். ஒரு படியே ஏறக்குறைய 1.2 மில்லிவோல்ட். இன்னொன்று: பல கருவிகளில் புரோகிராமை நிறுத்தினாலும் கடைசியாகக் கொடுத்த வோல்டேஜ் அப்படியே நிற்கும். பேய் ஓட்டுகிற வேலை வேண்டாம், 0 எழுதிவிட்டு நிறுத்துங்கள்.

படி 3: அதன் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே கொடுங்கள்

அவுட்புட்டில் இருந்து முதல் இன்புட்டுக்கு ஒரு ஒயர். இன்புட் முறை டிஃபரன்ஷியல் (பிளஸ், மைனஸ் என்ற இரண்டு முனைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அளப்பது) என்றால் அதன் மைனஸ் முனையைக் கிரவுண்டில் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். மீட்டரும் இன்புட்டும் ஒரே அளவைச் சொன்னால் இரண்டு சாட்சி கிடைத்தாயிற்று.

படி 4: லோடு எவ்வளவு இழுக்கிறது?

லோடு என்றால் அவுட்புட்டில் மாட்டி மின்சாரம் இழுக்கிற பொருள். நம் பையன் மாட்டிக்கொண்டது இங்கேதான். யுஎஸ்பி-6008 மாதிரிச் சின்னக் கருவியின் விவரத்தாளைத் திறந்தால் அனலாக் அவுட்புட்டுக்கு நேரே மூன்று விஷயம் இருக்கும்: 0 முதல் 5 வோல்ட், 50 ஓம் உள்தடை, 5 மில்லியாம்பியர். எல்லோரும் முதலாவதைப் படிப்பார்கள். மூன்றாவதுதான் முக்கியம்.

கடையில் கிடைக்கிற நீல நிற 5 வோல்ட் ரிலேக்குள் இருக்கிற கம்பிச்சுருளின், அதாவது காயிலின், தடை சுமார் 70 ஓம். 5-ஐ 70-ஆல் வகுத்தால் 71 மில்லியாம்பியர். கருவி தருவதாகச் சொன்னது 5. உள்ளே 50 ஓம், வெளியே 70 ஓம் என்று வோல்டேஜ் பங்கு பிரியும்போது, கணக்குப்படியே காயிலுக்கு 2.9 வோல்ட்தான் மிஞ்சும். தாங்காமல் இன்னும் கொஞ்சம் சரிந்ததில் பையனுக்கு ரெண்டே முக்கால். வாளியில் மொள்ள வேண்டியதை ஸ்பூனில் மொண்டால் தொட்டி எப்போது நிறைய?

சரிசெய்ய ஐம்பது ரூபாய்கூட ஆகாது. அவுட்புட்டில் இருந்து 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் கிரவுண்டுக்கு. ரிலே காயில், தனி 5 வோல்ட் சப்ளைக்கும் கலெக்டருக்கும் நடுவே. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இதை விட்டுவிட்டால் ரிலே அணையும்போது எழும்பும் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைத் தின்றுவிடும். சப்ளையின் மைனஸும் பெட்டியின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இப்போது பெட்டி கொடுப்பது 2 மில்லியாம்பியர்தான்.

ரிலேக்குப் பதில் மோட்டார் டிரைவ் மாட்டியிருந்தால் அதன் கையேட்டைப் பாருங்கள். பல டிரைவ்கள் 0 முதல் 10 வோல்ட் எதிர்பார்க்கும். 5 கொடுத்தால் மோட்டார் பாதி வேகத்தில் ஓடுவது பழுதில்லை. அளவு நிற்காமல் ஆடினால் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலே மாற்றம் தெரியும். மெயின் லைனில் கை வைப்பதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

படி 5: உண்மையாகவே பெட்டிதான் என்றால்

வெறும் பெட்டியே தப்பாகக் காட்டினால் மென்பொருளில் டிவைஸ் ரீசெட், பிறகு வேறொரு லேப்டாப். அதிலும் அதே எண்கள் வந்தால் சர்வீஸுக்கு அனுப்புங்கள். படி 2-இல் எழுதிய நோட்டுப் பக்கத்தை மடித்துப் பெட்டியோடு வையுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மொட்டையாக எழுதி அனுப்பினால், அங்கேயும் முதல் கேள்வி "என்ன லோடு மாட்டினீங்க?" என்பதுதான்.